வான நீலம் அடித்த குழாய்

அன்னூரில் ஒரு டயர் கடைத் திறப்பு விழா சார். நான்தான் சிறப்பு விருந்தினர். சிரிக்காதீர்கள், அழைப்புப் பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள், பாருங்கள்: "காற்று இயந்திரத்தை இயக்கி வைப்பவர், உயர்திரு ஆ. வைகுண்டம் அவர்கள்." ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கம்ப்ரஸர் ஓடும், நாலு பேர் கைதட்டுவார்கள், கேசரி கொடுப்பார்கள். இன்று வெள்ளிக்கிழமை அல்லவா, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மணியைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேனே, நேரமாகிவிடும் என்ற கவலையா என்று கேட்டீர்கள். இல்லை சார். இந்த வண்டி எங்கேயாவது நின்று போகாதா என்று பார்க்கிறேன். சரவணம்பட்டி சிக்னலில் பத்து நிமிடம் நின்றோமே, அந்தச் சிவப்பு விளக்கின் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

நீங்களும் அன்னூர்தானா? நல்லது. அப்படியானால் சொல்கிறேன். வீட்டில்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. இதற்கு அதுதான் வசதி.

கணபதியில் ஒரு பம்ப் கம்பெனி. பெயர் வேண்டாம். முப்பத்தோரு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன், கடைசிப் பதினாலு வருடம் மேற்பார்வையாளர். எதையும் புத்தகத்தில் பார்த்துத்தான் செய்வேன். ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குக்கூட அட்டவணை பார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் எனக்கு 'டேபிள் வைகுண்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. தெரியும். பிடித்தும் இருந்தது.

பட்டறையில் காற்று என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸர் காற்றை இழுத்து ஒரு தொட்டியில் ஏழு கிலோ அழுத்தத்தில் அடைத்து வைக்கும். அங்கிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு மெஷினுக்கும் போகும். நட்டு முறுக்குவது, பெயிண்ட் அடிப்பது, தூசி ஊதுவது எல்லாம் அந்தக் காற்றுதான். குழாய் தலைக்கு மேலே சுவர் ஓரமாக ஓடும். அது பாட்டுக்கு ஓடும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் புதுக் கொட்டகை ஒன்று கட்டினோம். முதலாளி வந்து, "வைகுண்டம், இங்க காத்து லைன் எப்பக் கெடைக்கும்?" என்றார். இரும்புக் குழாய் என்றால் வெட்ட வேண்டும், மரை போட வேண்டும், அதற்கு ஆள் பிடிக்க வேண்டும். பத்து நாள் ஆகும். நான், "நாளைக்கு" என்றேன்.

ஸ்டோரில் பி.வி.சி. குழாய் கிடந்தது. தண்ணீர் லைனுக்கு வாங்கி மிஞ்சியது. சாம்பல் நிறம். அதன் உடம்பிலேயே பத்துக் கிலோ என்று அச்சடித்திருந்தது. நம் காற்று ஏழு கிலோ. ஏழைவிடப் பத்து பெரியது. ரம்பத்தால் அறுத்து, பசை தடவி, சொருகி, மறுநாள் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். முதலாளி என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டுகிறவர் இல்லை சார்.

மூன்று மாதம் கழித்து கம்ப்ரஸர் சர்வீஸுக்கு ஞானப்பிரகாசம் என்று ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், இது தண்ணி பைப்பாச்சே?"

"பத்துக் கிலோ பைப்பு" என்றேன்.

"தண்ணிக்குப் பத்துக் கிலோ சார். காத்துக்கு இல்ல."

"பத்துக் கிலோ பஞ்சும் பத்துக் கிலோ இரும்பும் வேற வேற எடையா, ஞானப்பிரகாசம்?"

சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சார், தண்ணி பைப் உடைஞ்சா நனையும். காத்து பைப் உடைஞ்சா வெடிக்கும். தண்ணிய அமுக்க முடியாது. காத்து அப்படியில்ல, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு உக்காந்திருக்கு. இரும்புன்னா ஒரு இடத்துல பிளந்து புஸ்ஸுனு போயிடும். இது சில்லு சில்லாத் தெறிக்கும். போதாததுக்கு கம்ப்ரஸர் சூடு, ஆயில் எல்லாம் சேந்து உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. பாதிப் பேச்சிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த எட்டுப் பேர் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், "சரி ஞானப்பிரகாசம், மாற்றிவிடுகிறேன்" என்று சொல்லியிருப்பேன். இருந்தார்கள். அதனால் நான் மேலும் இரண்டு கேள்வி கேட்டேன், அவர் பேச்சை விட்டுவிட்டார். வாதத்தில் நான் ஜெயித்தேன். போகும்போது சர்வீஸ் தாளில், 'பி.வி.சி. லைனை உடனே மாற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். ரோஸ் நிற நகலை என் கோப்பில் வைத்தேன். முறைப்படி எல்லாம் செய்துவிடுவேன் சார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான்...

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பட்டறையில் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்போம். மெஷினுக்குப் பச்சை, தடுப்புக்கு மஞ்சள். அந்த வருடம் நான் குழாய்களுக்கும் நிறக் குறியீடு கொண்டுவந்தேன். தரக்கட்டுப்பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறபடி தண்ணீருக்குக் கடல் பச்சை, காற்றுக்கு வான நீலம். வான நீலம் என்றால் ஏதோ ஒரு நீலம் இல்லை. பெயிண்ட் கடையில் மூன்று டப்பாவைத் திறக்கச் சொல்லி, மாதிரி அட்டையை வைத்து ஒத்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர், "சார், குழாய்க்கா, பொண்ணுக்குப் பட்டுப்புடவைக்கா?" என்றார்.

பழைய கொட்டகையில் இரும்புக் குழாய். புதுக் கொட்டகையில் பி.வி.சி. இரண்டுக்கும் ஒரே நீலம், இரண்டு கோட். காய்ந்த பிறகு எது இரும்பு எது பிளாஸ்டிக் என்று எனக்கே தெரியவில்லை. அச்சடித்திருந்த பத்துக் கிலோவும் பெயிண்டுக்குள் போய்விட்டது. அடுத்த முறை சர்வீஸுக்கு ஞானப்பிரகாசம் வரவில்லை, வேறொருவர் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "லைனெல்லாம் சூப்பரா வெச்சிருக்கீங்க சார்" என்றார்.

ஒழுங்குக்காகத்தான் அடித்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிறத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது சார். குழாய்தான் தப்பு.

ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு வருடமும் ஞானப்பிரகாசத்தை நான் மனசுக்குள் ஒரு தடவை ஜெயித்தேன்.

அந்த டயர் கடைக்காரன் இருக்கிறானே, நாச்சிமுத்து, அவன் இந்த ஆறு வருடத்தில் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவன். ஃபிட்டர். நல்ல கை. அவன் சேர்ந்தது பெயிண்ட் அடித்த பிறகு. அந்தக் குழாயைச் சாம்பல் நிறத்தில் அவன் பார்த்ததே இல்லை. அவனுக்கு அது இரும்பு.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். மெஷின்களையெல்லாம் காற்றடித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். லைனில் முழு ஏழு கிலோ. நாச்சிமுத்து கலர்க் காகிதம் கட்ட ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய கொட்டகையில் எல்லோரும் ஏணியைக் குழாயின் மேல்தான் சாய்ப்பார்கள். இரும்பு, தாங்கும். நானே சாய்த்திருக்கிறேன். அவனும் சாய்த்தான். மூன்றாவது படியில் கால் வைத்தான்.

வெடித்தது. பட்டாசு மாதிரி இல்லை. கதவை யாரோ உள்ளேயிருந்து உதைத்த மாதிரி. ஒரே தூசி. அடங்கியதும் பார்த்தால் நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்திருக்கிறான், முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு. "கண்ணுல ஏதோ தூசு உழுந்துருச்சுங்க சார், ஊதி உடுங்க" என்றான். விரல் இடுக்கில் ரத்தம்.

இடது கண். ஆஸ்பத்திரியில் எடுத்த சில்லுகளை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் வான நீலம்.

நான்காம் நாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். அதற்குள் லைன் முழுவதையும் இரும்புக்கு மாற்றிவிட்டேன். பத்து நாள் ஆகும் என்றேனே, மூன்று நாளில் முடிந்தது. அன்று காலை டீக்கடைக்குப் போனவன், அந்த ரோஸ் நிறத் தாளை நாலாகக் கிழித்து அங்கே கூடையில் போட்டேன். டீ குடித்தேன்.

நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார் ஆய்வாளர். எழுதினேன். 'காற்றுக் குழாயின் மேல் ஏணி சாய்த்து வைக்கப்பட்டது. ஆள் ஏறியபோது குழாய் உடைந்தது.' இதில் எது பொய், சொல்லுங்கள். என் சர்வீஸில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை சார். "குழாய் தரமானதுதானா?" என்று கேட்டார். "பத்துக் கிலோ தாங்கும் குழாய். எங்கள் காற்று ஏழு கிலோ" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கு இன்னும் நாலு கம்பெனி பார்க்க வேண்டியிருந்தது.

நாச்சிமுத்துவுக்குக் கவனக்குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் போனது. ஆஸ்பத்திரிக்கே போனது. வாசகம் என்னுடையது. முதலாளி ஆளை நிறுத்திவிடலாம் என்றார். நான்தான் கெஞ்சி, ஸ்டோரில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். இதைச் சொல்ல வேண்டும் அல்லவா? நானும் முழுக்கக் கெட்டவன் இல்லை. புதுக் கொட்டகையில் ஒரு பலகையும் வைத்தேன், நல்ல எழுத்தில்: 'காற்றுக் குழாயில் ஏணியைச் சாய்க்காதீர்.'

டிக்கெட்டா? வாங்கிவிட்டேன் கண்டக்டர், இதோ. அன்னூர்.

எங்கே விட்டேன்? ஆம். ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாச்சிமுத்து என் வீட்டுக்கு வந்தான். கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கையில் அரை டஜன் ஆப்பிள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம்பேர்லதான் தப்புங்க சார். என்னால நீங்க ஆபீசர் முன்னால கையக் கட்டி நிக்கற மாதிரி ஆயிப்போச்சு. மன்னிச்சுக்கோணும்."

ஒரு கண்ணை இழந்தவன் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான் சார்.

அப்புறம் ஒன்று கேட்டான். "அது பிளாஸ்டிக்குன்னு எனக்குத் தெரியாதுங்க சார். இரும்புன்னே நெனச்சுப்போட்டேன். பிளாஸ்டிக்குல காத்து உடலாமுங்களா?"

கதவு திறந்து கிடந்தது சார். ஒரு வார்த்தை. 'விடக் கூடாது' என்று ஒரு வார்த்தை. சமையலறையில் என் மனைவி காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது. "விடலாம்" என்றேன். "பத்துக் கிலோ பைப்பு. காத்து ஏழு கிலோ. பைப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஏணிதான். சரி, போனது போகட்டும், விடு. இனிமேல் ஏணி வைக்கும்போது பார்த்து வை."

மன்னித்துவிட்டேன். காப்பியும் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகப்போகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவனும் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் அன்னூருக்கே போய்விட்டான். போன ஞாயிறு, அவனும் அவன் மனைவி கலாமணியும் தட்டு நிறையப் பழம், வெற்றிலைபாக்கு, பத்திரிகையோடு வந்து நின்றார்கள். அவனும் மச்சான் சதாசிவமும் சேர்ந்து டயர் கடை வைக்கிறார்கள். நான்தான் கம்ப்ரஸரை ஓட்டி வைக்க வேண்டும்.

"ஊர்ல பெரிய மனுசனுக எத்தனையோ பேர் இருக்காங்களே, அவங்களைக் கூப்பிடலாமே" என்றேன்.

கலாமணி விடவில்லை. "கண்ணு போனப்பறமும் நீங்க இவரை வேலைய உட்டு அனுப்ப உடலீங்க. அந்த வேலை இல்லீனா எங்க குடும்பம் எங்கீங்க? எங்க வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு உங்க போட்டோ ஒண்ணு கேக்கோணும்னு இவரு சொல்லிட்டே இருப்பாரு."

என் மனைவி போய் எடுத்துவந்து கொடுத்துவிட்டாள் சார். பாஸ்போர்ட் சைஸ்.

அப்புறம் நாச்சிமுத்து கடையைப் பற்றிச் சொன்னான். "லைனெல்லாம் நீங்க போட்ட மாதிரியே போட்டுட்டேனுங்க சார். பி.வி.சி., பத்துக் கிலோ. வான நீலமே அடிச்சிருக்கேன். ஆனா ஒண்ணுங்க, ஏணி எட்டாத ஒசரத்துல வெச்சுட்டேன். அந்தப் பலகையும் எழுதி மாட்டிட்டேன். பட்டவனுக்குத்தான தெரியும்!" என்று சிரித்தான். ஒரு கண்ணால் சிரித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? முகம் முழுக்கத்தான் சிரிக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் என்ன சொன்னேன்? "நல்லது" என்றேன்.

ஐந்து நாள் யோசித்தேன். எப்படியாவது குழாயை மாற்றச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இன்னொன்றைச் சொல்லாமல் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை இருக்கும் என்று... சார், நீங்கள் என்ன உத்தியோகம்? கேட்கிறேனே என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்த்தால் ஒரு அதிகாரி மாதிரி இருக்கிறீர்கள். ஒன்று செய்யலாமா? என்னோடு கடைக்கு வாருங்கள். சும்மா அண்ணாந்து பார்த்து, "இது கூடாது, சட்டப்படி இரும்புதான் போட வேண்டும்" என்று ஒரே ஒரு வாக்கியம்...

சரி. சரி, வேண்டாம். கேட்டது தப்பு.

கொஞ்சம் பொறுங்கள், போன் அடிக்கிறது. அவன்தான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹலோ?

"சார், எங்கீங்க வந்துட்டிருக்கீங்க?"

"கணேசபுரம் வரப் போகிறது நாச்சிமுத்து."

"மெதுவா வாங்க சார், அவசரமில்லீங்க. ராகு காலம் வந்துருமேன்னு மச்சான் கம்ப்ரஸரை இப்பவே போட்டுட்டானுங்க. டேங்க் ரொம்பீட்டு இருக்குது. நீங்க வந்து மறுக்கா பட்டனை அமுத்துனாப் போதும்."

"போட்டுவிட்டீர்களா? லைனுக்கும் திறந்து விட்டிருக்கிறதா?"

"ஆமாங்க. மூணு கிலோ காட்டுது."

"நிறுத்து. நான்தானே போட வேண்டும் என்றாய்? நான் வந்து போடுகிறேன்."

"அட, நீங்க வந்தாத்தானுங்க சார் போட்டோ. கோவிச்சுக்காதீங்க."

"நாச்சிமுத்து, கேள். புதுச் சட்டம் வந்திருக்கிறது. காற்றுக்குப் பி.வி.சி. கூடாதாம்."

"எப்பங்க சார்?"

"போன மாதம்."

"ஊர்ல பாதிக் கடையில அதுதானுங்களே இருக்குது. நீங்க பயப்படாதீங்க சார். பைப்பு பத்துக் கிலோ. காத்து ஏழு கிலோதானுங்களே? நீங்க சொன்னதுதானுங்க, நா மறப்பனா? ஏணிய மட்டும் ஆராச்சும் கொண்டாந்தாங்கன்னா நானே கைய ஒடிச்சுப்போடுவேன். மச்சான், எவ்வளவு காட்டுது? நாலாமுங்க சார்."

"பைப்புக்குக் கீழே யாராவது நிற்கிறார்களா?"

"கொழந்தைக பலூன் கட்டீட்டு இருக்குதுங்க. கலாமணியும் நிக்குது."

சார், கொஞ்சம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

"நாச்சிமுத்து. உன் கண் போனது ஏணியால் இல்லை."

"என்னங்க சார்? வண்டிச் சத்தத்துல கேக்கலீங்க."

"உன் கண் போனது ஏணியால் இல்லை! அந்தப் பைப்பு காற்றுக்கு ஆகாது. வெடிக்கும், தெறிக்கும் என்று கம்ப்ரஸர்காரர் எனக்கு முன்னாலேயே சொன்னார். எழுதியே கொடுத்தார். நான் மாற்றவில்லை. பெயிண்ட் அடித்து மறைத்தேன். கேட்கிறதா? நான்தான். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. இரும்பாக இருந்திருந்தால் ஏணியும் ஒன்றும் செய்திருக்காது. குழந்தைகளை வெளியே அனுப்பு. முதலில் அதைச் செய், நாச்சிமுத்து!"

"கலாமணீ! கொழந்தைகளக் கூட்டீட்டு ரோட்டுக்குப் போ. கேக்காத, போ! ஏய், அந்தப் பலூனை உடு, ஓடு!"

"மோட்டாரை நிறுத்து. நிறுத்திவிட்டாயா? தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிக்கிற வால்வு இருக்கும். அதை மெல்ல மெல்லத் திற. பைப்பை யாரும் தொடக் கூடாது, அதற்குக் கீழே போகக் கூடாது. சுவர்ப் பக்கமாக நின்று திற."

கேட்கிறதா சார்? ஸ்ஸ் என்று... அதுதான் காற்று. இறங்குகிறது. முன்சீட்டு அம்மா, கொஞ்சம் பேசாமல் இருங்கள், கும்பிடுகிறேன், இந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் நான் கேட்க வேண்டும்.

நின்றுவிட்டது.

"முள்ளு பூஜ்யத்துக்கு வந்துருச்சுங்க."

"நல்லது. இனி பயமில்லை. இன்றைக்கு ஓட்ட வேண்டாம். ஜி.ஐ. பைப்பு வாங்கு, இரும்பு. கிளை எடுக்கும்போது மேல் பக்கமாக எடுக்க வேண்டும், கீழ்ப் பக்கமாக எடுத்தால் உள்ளே சேரும் தண்ணீர் எல்லாம் டூலுக்குள்..."

"சார்."

"சொல்."

"அன்னைக்கு நா உங்க வீட்டுக்கு வந்தனே. அப்பவே இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"காப்பி குடுத்தீங்களே சார்."

"ஆமாம்."

"நா அதை எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பேன். சார் ஒண்ணுமே திட்டலை, காப்பி குடுத்து அனுப்புனாருன்னு."

பின்னாலிருந்து இன்னொரு குரல், மச்சானாக இருக்கும்.

"மாமா, இந்தாளு பேச்சைக் கேட்டுட்டு நிக்கறீங்க, ராகு காலம் வரப்போவுது. அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்திக்கலாம். சாஸ்திரத்துக்கு."

"இர்றா சதாசிவம். சார், நீங்க வர வேண்டாமுங்க."

வைத்துவிட்டான்.

கேட்டீர்கள் அல்லவா? வர வேண்டாமுங்க. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. மரியாதையைக்கூட விடவில்லை. பழக்கம் போல வந்துவிட்டது போலிருக்கிறது.

முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கண்டக்டரும் பார்க்கிறார். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு விதத்தில் இது நல்லதுதான், இனிமேல் நான் மாற்றிச் சொல்ல முடியாது பாருங்கள். ஆய்வாளருக்கும் எழுத வேண்டும். எழுதுவேன். இரண்டு வாக்கியத்தில் முடியாது, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக இருக்கும். எழுதுவேனா? இப்போது கேட்டால் எழுதுவேன் என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் தோன்ற வேண்டும்.

அந்த மச்சான் சொன்னதைக் கேட்டீர்களா? அஞ்சு நிமிடம் ஓட்டி நிறுத்திக்கொள்ளலாமாம். நாச்சிமுத்து இர்றா என்றான். ஆனால் அவன் இப்போது எந்த நிலைமையில் இருப்பான்? கலாமணியிடம் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டு, கேசரி கிண்டி வைத்திருக்கிறார்கள். யாரோ எங்கேயோ பஸ்ஸில் வருகிற ஒரு கிழவன் போனில் கத்தினான் என்று சதாசிவம் நிறுத்தி வைப்பானா? நானாக இருந்தால் வைத்திருப்பேனா? ஞானப்பிரகாசம் நேரில் நின்று சொன்னபோதே நான் வைக்கவில்லையே.

மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறேன். அடிக்கிறது. அடிக்கிறது.

எடுக்கவில்லை.

அதோ அன்னூர். டிரைவர், முன்னாலேயே கொஞ்சம் நிறுத்துங்கள், நான் ஸ்டாண்டு வரைக்கும் வரவில்லை! கடைக்குப் போகவில்லை சார், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானே. எதிர்ச் சாரியில் நிற்பேன். கம்ப்ரஸர் ஓடினால் ரோடு தாண்டிச் சத்தம் கேட்கும், எனக்கே கேட்கும். பத்தரை வரைக்கும் சத்தம் வராவிட்டால் அடுத்த வண்டி ஏறித் திரும்பிவிடுவேன், அவன் என்னைப் பார்க்கக்கூட வேண்டாம். சத்தம் வந்தால் உள்ளே போய் அந்தப் பைப்புக்குக் கீழேயே நிற்பேன். என்னை அடித்து வெளியே தள்ளுவதற்காவது மோட்டாரை நிறுத்தித்தானே ஆக வேண்டும்.

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் சார். மணி பத்து இருபது.